டாக்டர் ஜான் ஸ்னோ: மயக்க மருந்தும் வாந்தியும்

பொது மயக்கத்தில் அறுவை சிகிச்சை பெறுவோரில், தடுப்பு மருந்து தரப்படாவிடில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பின்னர் குமட்டலோ வாந்தியோ ஏற்படுகிறது. எந்த மயக்க மருந்து தரப்படுகிறது என்பதும் இதற்கு ஒரு காரணமாகும். இதனைத் தொடக்க காலத்திலேயே கவனித்த மருத்துவரின் வாழ்க்கையை இங்கு நீங்கள் அறியலாம்.

தொழிலாளியின் மகன்

ஜான் ஸ்னோ 1813 இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். 14 வயதில் அறுவை மருத்துவர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1844 இல் லண்டனில் எம்.டி. பட்டம் பெற்றார். 1854 இல் காலரா பரவியபோது பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைக் காரணமாகக் காட்டியவராகவே நீங்கள் அவரை அறிந்திருக்கக்கூடும். ஆயினும், அவரது அன்றாடப் பணி மயக்க மருந்து அளிப்பதே.

ஈதர் அறிமுகமானதும், அதன் ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியை அவர் வடிவமைத்தார். பின்னர் குளோரோஃபார்மில் தேர்ச்சி பெற்று, 1853 இலும் 1857 இலும் விக்டோரியா அரசியின் பிரசவங்களின்போது அதனை அளித்தார். உணவு உண்டவுடன் குளோரோஃபார்ம் தந்தால் வாந்தி மிகுவதையும் கண்டறிந்தார்.

கைவிட்ட மருந்து

1856 இல் அமிலீன் என்னும் புதிய மருந்தை அவர் பயன்படுத்தத் தொடங்கினார். அதனால் வாந்தி அரிதாகவே ஏற்பட்டது. ஆனால் 1857 இல் அவரிடம் அம்மருந்தைப் பெற்றவர்களுள் இருவர் உயிரிழந்தனர். அத்துடன் அவர் அதனைக் கைவிட்டார். நோயாளியின் உயிருக்கு முன் மற்ற நன்மைகள் பின்னுக்குச் சென்றன. 1858 இல், தம் 45 ஆம் வயதில், மயக்க மருந்துகள் பற்றிய நூலை முடிக்கும் தறுவாயில் அவர் காலமானார். நூல் அவ்வாண்டே வெளிவந்தது.

இன்று நீங்கள் செய்ய வேண்டியவை

இன்று அந்த மூன்று மருந்துகளும் வழக்கொழிந்துவிட்டன. சுவாசிக்கும் மயக்க வாயுக்களும் ஓபியாய்டு வலிநிவாரணிகளும் குமட்டலை மிகுவிக்கின்றன. நரம்பு வழியாகத் தரப்படும் புரோபோஃபால் அதனைக் குறைக்கிறது. ஒன்டான்செட்ரான், டெக்சாமெதாசோன் போன்ற தடுப்பு மருந்துகளும் உள்ளன.

முந்தைய சிகிச்சைக்குப் பின் வாந்தி எடுத்திருந்தாலோ, பயணத்தின்போது குமட்டல் வரும் இயல்பிருந்தாலோ, மயக்கவியல் மருத்துவரிடம் முன்னரே கூறுங்கள். உங்கள் உடல்நிலைக்குப் பாதுகாப்பான மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். உண்ணாமலிருக்க வேண்டிய நேரத்தைத் தவறாது கடைப்பிடியுங்கள். மயக்க நிலையில் வாந்தி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகும்.