சதுரங்க மேதை சுல்தான் கான்

சதுரங்கம் நம் பாரத நாட்டில் பிறந்த விளையாட்டு. அதில் உலகப் பெருவீரர்களையே வென்று காட்டியவர் மீர் சுல்தான் கான்.

இவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானில் உள்ள மிட்டா திவானா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் பயின்றார். அக்கால நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான் செல்லும். ஆகவே ஆட்டம் மெல்லத் தொடங்கும். பொறுமை மிக வேண்டும்.

1928-இல் இவர் அகில இந்திய சாம்பியன் ஆனார். சர் உமர் ஹயாத் கான் என்னும் செல்வந்தர் இவரை 1929-இல் இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். ஐரோப்பிய வீரர்கள் ஆட்டத்தின் தொடக்கத்தை நூல்களில் கற்றுத் தேர்ந்தவர்கள். இவருக்கோ அந்தப் பயிற்சி மிகக் குறைவு. மேனாட்டு விதிகளே புதியவை. குளிரும் நோயும் வேறு வாட்டின. ஆயினும் அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார்! 1932, 1933 ஆம் ஆண்டுகளிலும் அதே வெற்றி.

1930-ஆம் ஆண்டின் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவைச் சந்தித்தார். குதிரையை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கினார். ஐந்தாம் நகர்த்தலில் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளினார். எளியதாகத் தோன்றும் அந்தத் தொடக்க முறை பின்னாளில் உலக சாம்பியன் பெட்ரோசியானின் பெயரால் புகழ்பெற்றது. பின்பு தம் ராணியைக் கொடுத்து எதிரியின் யானைகள் இரண்டையும் பெற்றார். அவசரமின்றி ஆடி, 65-ஆம் நகர்த்தலில் வெற்றி கண்டார்.

அதே செல்வந்தர் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் இளம்பெண் 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அவ்வாண்டின் இறுதியில் சுல்தான் கான் தாயகம் திரும்பினார். அதன்பின் உலக அரங்கில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை. ஐந்தே ஆண்டுகளில் ஒளிவீசிய திறமை ஊக்குவிப்பாரின்றி ஒடுங்கியது. சொந்த ஊரில் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்த அவர் 1966-இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024-இல்தான்!

அன்புத் தோழியரே! எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாகக் கடந்தே நம் கொல்லிமலையின் உச்சியை அடைகிறோம். சுல்தான் கானும் ஒவ்வொரு கட்டமாகவே உயர்ந்தார். நூலறிவு குறைவென்று நாம் தயங்க வேண்டாம். நம் அருகில் ஒரு திறமை தென்பட்டால் அதை வாடவும் விட வேண்டாம்.