ஊட்டி மழையில் ஒரு நாவல்: மெக்காலே எப்படி வளர்ந்தார், எதைக் கேட்க மறந்தார்?

ஒரு பழைய நாவலில் வரும் நல்ல அப்பா, அம்மா யார், ஏன்? ஊட்டி, குன்னூர் பக்கம் ஒரு பிள்ளை இங்கிலீஷ் பாடத்துக்கு இப்படி ஒரு கட்டுரை எழுதினால் இன்று யாருக்கும் அது புதுசாகத் தெரியாது. ஆனால் நம் பள்ளிகளுக்குள் இங்கிலீஷ் இலக்கியம் வந்து உட்கார்ந்ததில் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. 1834-ல் சுமார் இரண்டு மாதம் ஊட்டியில் இருந்தவர். அப்போது அவர் கையில் ஒரு நாவல் இருந்தது. மகள் பேச்சைக் கேட்காத பெற்றோரைப் பற்றிய நாவல் அது.

வீட்டில் எப்படி வளர்ந்தார்?

1800 அக்டோபர் 25-ல் இங்கிலாந்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். அப்பா சக்கரி மெக்காலே அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடியவர். பக்தியும் கண்டிப்பும் அதிகம். அம்மா செலினா.

பையன் படிப்பில் அசாத்தியம். எட்டு வயதுக்குள்ளாகவே உலக வரலாற்றை எழுத உட்கார்ந்துவிட்டான். இந்தக் காலமாக இருந்தால் வீடியோ எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்தப் பெற்றோர் அப்படிச் செய்யவில்லை. நீ மற்ற பிள்ளைகளைவிட மேல் என்ற எண்ணம் அவனுக்கு வராமல் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அவன் எழுதியதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார்கள்.

ஒரே சிக்கல், நாவல். கதைப் புத்தகம் அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் 'கிறிஸ்டியன் அப்சர்வர்' என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1816-ல் அந்தப் பத்திரிகைக்கு நாவல்களை ஆதரித்துப் பெயர் போடாத கடிதம் ஒன்று வந்தது. எழுதியது யாரென்று தெரியாமலே அதை அச்சில் போட்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். எழுதியவர் அவருடைய சொந்த மகன்!

அப்பாவின் கடன், மகனின் தோளில்

அப்பாவின் வியாபாரம் பிறகு நொடித்துப் போனது. மகன் அவரைக் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. கடனை அடைக்கும் பொறுப்பையும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். 1830-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆனாலும் கையில் காசில்லை. கேம்பிரிட்ஜில் வாங்கிய தங்கப் பதக்கங்களை விற்கும் நிலைமைகூட வந்தது.

அவர் இந்தியா வந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் சட்ட உறுப்பினர் பதவி, வருஷத்துக்கு 10,000 பவுண்டு சம்பளம். சில வருஷம் சேமித்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பது கணக்கு.

ஊட்டியில் என்ன நடந்தது?

1834 ஜூனில் மெட்ராஸில் இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது உடம்பு தேற ஊட்டியில் தங்கியிருந்தார். அதனால் தங்கை ஹன்னாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டு, பெங்களூரு, மைசூர் வழியாகச் சுமார் 400 மைல் பல்லக்கில் போய் மலை ஏறினார்.

தென்மேற்குப் பருவமழை நேரம். வெளியே கால் வைக்க முடியாது. மெக்காலே கையிலிருந்த நாவல் 'கிளாரிசா'. சாமுவேல் ரிச்சர்ட்சன் 1747, 48-ல் வெளியிட்டது. கடிதங்களாலேயே சொல்லப்பட்ட மிக நீளமான கதை.

கதை இதுதான். தாத்தா, பேத்தி கிளாரிசாவுக்குச் சொத்து எழுதி வைக்கிறார். அண்ணனுக்குப் பொறாமை. பிடிக்காத ஒரு பணக்காரனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வீடே நெருக்குகிறது. அம்மாவுக்கு மனசில் இரக்கம் இருக்கிறது, அப்பாவை எதிர்த்துப் பேசும் தைரியம் இல்லை. இதைப் பயன்படுத்தி ஒருவன் அவளை ஏமாற்றிக் கூட்டிப் போய்ச் சீரழிக்கிறான். அவள் இறந்த பிறகுதான் பெற்றோர் உடைந்து அழுகிறார்கள்.

புத்தகம் கை மாறிக் கை மாறிப் போனது. கவர்னரின் மனைவி, அரசுச் செயலர், தலைமை நீதிபதி என்று மலையிலிருந்த வெள்ளைக்காரக் கூட்டமே அந்தப் பெண்ணுக்காகக் கலங்கியது. பின்னாளில் மெக்காலே இதை நாவலாசிரியர் தாக்கரேயிடம் உற்சாகமாகச் சொல்ல, அவர் எழுதி வைத்தார்.

ஆறு மாதத்தில் வந்த குறிப்பு

1835 பிப்ரவரி 2-ல் கல்கத்தாவில் தன் கல்விக் குறிப்பை மெக்காலே எழுதினார். அரசுப் பணம் இங்கிலீஷ் கல்விக்கே போக வேண்டும் என்றார். தனக்கு சமஸ்கிருதமும் அரபியும் தெரியாது என்று ஒப்புக்கொண்டே, அவற்றின் இலக்கியத்தை ஐரோப்பிய நூல்களுக்கு ரொம்பக் கீழே வைத்தார். மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியமும் இல்லை, அறிவியலும் இல்லை என்றார். பெண்டிங்க் மார்ச் 7-ல் ஒப்புதல் கொடுத்தார்.

(அதே தேதியில் அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் மேற்கோள் பொய். அன்று அவர் இருந்தது இந்தியாவில்.)

ஒரு இங்கிலாந்துப் பெண் எழுதிய கடிதங்களுக்காக உருகியவர், தான் தங்கிய மலையின் தோடர், கோத்தர், படுகர் பாட்டிலும் கதையிலும் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. தமிழில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. கிளாரிசாவின் பெற்றோர் செய்த தப்பும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னதுதானே?

நல்ல தாய்மாமன்

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹன்னா 1834 டிசம்பரில் சார்லஸ் டிரெவெல்யனை மணந்தார். அடுத்த சில நாளில், இங்கிலாந்தில் இன்னொரு தங்கை மார்கரெட் இறந்த செய்தி வந்து மெக்காலேயை நொறுக்கியது. 1838-ல் ஊர் திரும்பினார். அதற்குச் சில வாரம் முன்புதான் அப்பா இறந்திருந்தார்.

ஹன்னாவின் பிள்ளைகளுக்கு அவர்தான் விளையாட்டுத் தோழர். புதுப்புது ஆட்டம் கண்டுபிடிப்பார், பாட்டு எழுதிக் கொடுப்பார், ஊர் சுற்றிக் காட்டுவார். மருமகன் ஜார்ஜ் ஓட்டோ 1876-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு வழியாகத்தான் அவருடைய வீட்டு முகம் உலகத்துக்குத் தெரிந்தது. 1859 டிசம்பர் 28-ல் மெக்காலே இறந்தார். அவர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் அடுத்த வருஷம் நிறைவேறி, 2024 ஜூன் வரை நம்மிடம் இருந்தது.

அந்தக் கட்டுரைக்கு வருவோம்

பிள்ளைகள் இங்கிலீஷ் நாவலைப் படிப்பதில் ஒரு தப்பும் இல்லை. கூடவே, நீலகிரிப் படுகர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித்தேன்' இருக்கிறது. 1963-ல் வந்தது. சொந்த மகன் ஜோகியோடு, அண்ணன் மகன் ரங்கனைப் பற்றியும் கவலைப்படும் லிங்கய்யா அதில் இருக்கிறார். நல்ல அப்பா யார் என்ற கேள்விக்கு இந்த மலையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம்.