மொழியைத் தேடிப் போன குரு: தனிநாயகம் அடிகளார்



நம் தீவுகளின் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊர்காவற்றுறையைக் கயிற்ஸ் என்று அழைக்கக் கற்பித்தவர் போர்த்துக்கேயர். நெடுந்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி டெல்ப்ற் என்றவர் ஒல்லாந்தர். பின்வந்த ஆங்கிலேயர் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டனர். அந்நியர் போய்விட்டனர், அவர்கள் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஊருக்கு நேர்ந்தது உள்ளத்துக்கும் நேர்வதுண்டு. அதிலிருந்து மீண்ட ஒருவரின் வாழ்வையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் அவர் பிறந்தார். தந்தைவழி நெடுந்தீவு, தாய்வழி கரம்பொன். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்ரனிஸ்லாஸ். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். அக்காலக் கல்லூரிகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. கொழும்புக் குருமடம் சென்றார். 1934இல் உரோமாபுரியில் ஊர்பன் பல்கலைக்கழகம் புகுந்தார். 1938 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில் குருப்பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் அவருக்குக் கைவந்தன. தாய்மொழியோ வீட்டுப் பேச்சுக்கு மேல் அதிகம் வளரவில்லை.

உரோமையில் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்த பொருள் நம் கவனத்துக்குரியது. 258ஆம் ஆண்டில் வேதசாட்சியாக மரித்த ஆயர் புனித சிப்பிரியானின் காலத்தில், வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரக் குருக்கள் வாழ்ந்த வகையை ஆராய்ந்தார். எத்தனையோ வேதசாட்சிகளையும், புனித அகுஸ்தீன் போன்ற மேதையையும் தந்த திருச்சபை அது. ஆயினும் 698இல் கார்த்தேஜ் அரபுப் படையிடம் வீழ்ந்தபின் சில நூற்றாண்டுகளில் அது மறைந்தே போயிற்று. காரணங்கள் பல. அச்சபை இலத்தீன் மொழியிலேயே நின்று, அந்நாட்டுக் குடிகளின் பேச்சில் வேரோடவில்லை என்பதையும் ஒன்றாக வரலாற்றறிஞர் சிலர் கூறுவர். அதே கண்டத்தில், மக்கள் மொழியில் செபித்த எகிப்தியக் கொப்திக்குச் சபையும் எத்தியோப்பியச் சபையும் இன்றும் நிலைத்திருக்கின்றன. கிளை எவ்வளவு உயர்ந்தாலும், வேர் மண்ணைப் பற்றாத மரம் ஒரு புயலுக்குத் தாங்காது.

குருவாகி இந்தியா வந்த அடிகளார் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940இல் வடக்கன்குளம் பாடசாலையில் பணி. அங்கேதான் தம் வறுமையை உணர்ந்தார். உரோமையின் கலாநிதிப் பட்டம் பெற்றவர், வயது இருபத்தேழில், ஒரு பண்டிதர்முன் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சங்க இலக்கியத்தில் மூழ்கினார். தந்தைவழி முன்னோரின் தனிநாயகம் என்னும் பெயரையும் தமதாக்கிக் கொண்டார். ஆனால் சேவியர் என்ற பெயரைக் களையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன்? ஆபிரிக்காவின் கென்யா நாட்டில் 1938இல், அடிகளார் குருவான அதே ஆண்டில், கூகி வா தியாங்கோ என்ற எழுத்தாளர் பிறந்தார். மிஷன் பாடசாலையில் படித்தவர். ஜேம்ஸ் என்ற பெயரோடு ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். குடியேற்ற ஆட்சி தம் மக்களின் நாவையே பறித்துவிட்டது என்று கண்டு, அந்தப் பெயரைத் துறந்தார், கிறிஸ்தவத்தையும் துறந்தார். தாய்மொழியான கிக்கூயுவில் நாடகம் அரங்கேற்றியதற்காக 1977 டிசம்பரில் சிறைப்பட்டார். சிறையில் மலசலகூடத் தாளிலே அம்மொழியில் நாவல் எழுதினார். 2025இல் காலமானார். அவருடைய துயரம் நியாயமானது. வேதமும் வெள்ளையன் மொழியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தால், ஒன்றை உதறுகிறவன் மற்றதையும் உதறிவிடுவது வியப்பல்ல. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. அடிகளாரின் வாழ்வோ, இரண்டையும் பிரித்தறிந்து, விசுவாசத்தைக் காத்தபடியே மொழிக்குத் திரும்பலாம் என்பதற்குச் சாட்சி.

அவர் ஆங்கிலத்தையும் பகைக்கவில்லை. தமிழை ஏற்றிச் செல்லும் தோணியாக்கினார். 1952இல் தொடங்கிய ‘தமிழ்க் கலாசாரம்’ என்ற பொருளுடைய ஆய்விதழை ஆங்கிலத்திலேயே நடத்தி, உலக அறிஞரைத் தமிழின்பால் திருப்பினார். சங்கக் கவிதையில் நிலமும் இயற்கையும் பெறும் இடத்தை விளக்கும் நூலையும் ஆங்கிலத்திலேயே எழுதினார். தமிழருக்கோ ‘தமிழ்த்தூது’, ‘ஒன்றே உலகம்’ முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். புரோவென்சா அடிகள் தொகுத்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்புச் செய்தார். மிஷனரிமார் தமிழைக் கற்று அதற்குத் தொண்டும் செய்தனர் என்பதை உலகம் அறியச் செய்தார்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்த அவர், 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவரானார். 1964 ஜனவரியில் டில்லியில் கூடிய கீழைத்தேயவியலாளர் மாநாட்டின்போது, அவர் முயற்சியால் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரான்சின் பிலியோசா தலைவர். செக் நாட்டின் சுவெலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். மாநாடுகள் 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும் நடந்தன. 1974 ஜனவரியில் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 10ஆம் நாள் நிறைவுக் கூட்டத்தில் பொலிசார் புகுந்ததால் எழுந்த அமளியில் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியானதால் எழுந்த காயத்தின்மேல் விழுந்த இரத்தம் அது. அத்தனைக்கும் பின்னரும் அடிகளார் எந்த மொழியையும் வெறுக்கக் கற்பிக்கவில்லை. 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் ஆண்டவரில் துயில் கொண்டார்.

வாசகரே, அடிகளார் குருவானபோது திருப்பலி இலத்தீனில் ஒப்புக்கொடுக்கப்பட்டது. 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிக்கு வாசலைத் திறந்தது. இன்று நம் பீடங்களில் தமிழ் ஒலிக்கிறது. ஆனால் போரும் வறுமையும் துரத்த, நம் தீவுகளிலிருந்து கடல் கடந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அம்மம்மாவோடு தொலைபேசியில் பேசவும் சொல் தேடித் தடுமாறுகின்றனர். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். இருபத்தேழு வயதிலும் பாடம் தொடங்கலாம் என்று கரம்பொன் மைந்தர் காட்டியிருக்கிறார். கேலி செய்யாமல் கற்பிக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

அடுத்த விடுமுறைக்கு அப்பிள்ளைகள் கோவிலுக்கு வரும்போது, செபமாலையில் ஒரு பத்து மணியையாவது பக்கத்தில் முழந்தாளிட்டு, அவர்களோடு தமிழில் மெல்லச் சொல்லிக் கொடுங்கள்.