தெருவைக் கடந்த மந்திரி

1934-ம் ஆண்டு. லண்டன் நகரில் கோடைக்காலம். காம்டன் ஹைஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவில் ஒரு மனிதர் நடந்து வந்தார். வயது 40. பொதுமக்கள் தெருவைக் கடப்பதற்கென்று புதிதாக ஓர் இடத்தில் அடையாளம் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் அவர் தெருவில் இறங்கினார்.

அப்போது ஒரு மோட்டார் கார் சீறிக்கொண்டு வந்தது. அது நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. அவரை உரசுவதுபோல் பாய்ந்து போய்விட்டது. ஓரடி முன்னே வைத்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்!

மயிரிழையில் உயிர் தப்பிய அந்த மனிதர் சாதாரண ஆள் அல்ல. பிரிட்டிஷ் சர்க்காரின் போக்குவரத்து மந்திரி. பெயர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. அவர் பதவி ஏற்றுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இந்தச் செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூட வந்தது.

மந்திரிக்கே இந்த நிலை என்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு யார் காவல்? கடைக்குப் போகும் கிழவிக்கு யார் காவல்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் பெலிஷாவின் பெரிய வேலை.

தாய் வளர்த்த பிள்ளை

பெலிஷா 1893-ம் ஆண்டு லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயது நிறையும் முன்பே தகப்பனாரை இழந்தார். தாயார்தான் அவரை வளர்த்து ஆளாக்கினார்.

1912-ம் ஆண்டில் தாயார் மறுமணம் செய்துகொண்டார். புதிய கணவரின் பெயர் ஹோர். தாயின் விருப்பப்படி, மகன் இரண்டு பெயர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டார். பெற்ற தந்தையின் பெயரும் போகவில்லை. வளர்ப்புத் தந்தையின் பெயரும் சேர்ந்தது. இப்படித்தான் பெலிஷா, ஹோர்-பெலிஷா ஆனார்.

முதல் உலக யுத்தத்தில் அவர் ராணுவத்தில் சேர்ந்து மேஜர் பதவி வரை உயர்ந்தார். யுத்தம் முடிந்ததும் ஆக்ஸ்போர்டில் படிப்பைத் தொடர்ந்தார். அங்கே மாணவர் பேச்சு மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டம் படித்துக்கொண்டே பத்திரிகைகளில் எழுதினார். ஒரு விஷயத்தை மக்கள் மனதில் பதிய வைப்பது எப்படி என்பதை அங்கேதான் கற்றார். 1923-ம் ஆண்டில் டெவன்போர்ட் தொகுதியில் வெற்றி பெற்றுப் பார்லிமெண்டில் நுழைந்தார்.

ஒரு நாளைக்கு 20 உயிர்

அந்தக் காலத்தில் பிரிட்டனில் கார் ஓட்டுவதற்குப் பரீட்சை எதுவும் கிடையாது. 17 வயது ஆகிவிட்டதா? 5 ஷில்லிங் கட்டினால் லைசென்சு கிடைக்கும். காரை ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்க்காதவரும் லைசென்சு வாங்கலாம். மறுநாளே சந்தடி மிக்க தெருவில் ஓட்டலாம்!

1930-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதில் நல்லதும் இருந்தது, ஆபத்தும் இருந்தது. பஸ்களை அது ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. பஸ் ஓட்டுகிறவர் தனி லைசென்சு வாங்க வேண்டும். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது. பஸ் 30 மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது. விபத்தில் அடிபடுகிறவருக்கு நஷ்டஈடு கிடைப்பதற்காக, எல்லா வண்டிகளுக்கும் இன்ஷூரன்சும் கட்டாயமாயிற்று.

ஆனால், கார்களை மட்டும் அந்தச் சட்டம் அவிழ்த்து விட்டுவிட்டது. அதுவரை கார்களுக்கு மணிக்கு 20 மைல் என்ற வரம்பு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். பழைய வரம்பை யாரும் மதிக்கவில்லை, ஆகையால் அது தேவையில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

விளைவு என்ன? 1934-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துக்களில் 7,343 பேர் மாண்டார்கள். 2,31,603 பேர் காயம் அடைந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 20 உயிர்! அடிபட்டவர்களில் பாதிப்பேர் நடந்து போனவர்கள்.

இத்தனை சாவுக்குப் பிறகும், புதிய கட்டுப்பாடு வேண்டாம் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். மூர்-பிரபசான் என்ற பார்லிமெண்டு உறுப்பினர், ஆண்டுக்கு 6 ஆயிரம் பேர் தற்கொலை செய்துகொள்வதைப் பற்றி யாரும் கவலைப்படாதபோது சாலைச் சாவுக்கு மட்டும் இத்தனை கூச்சல் எதற்கு என்று கேட்டார்.

முப்பது மைல்

புதிய சட்டத்துக்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் பெலிஷாவுக்கு முன் மந்திரியாக இருந்த ஆலிவர் ஸ்டான்லி. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, மக்களை ஏற்கச் செய்யும் பொறுப்பு பெலிஷாவின் தலையில் விழுந்தது.

1935-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி முதல், ஊருக்குள் கார்கள் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது. எது ஊர், எது ஊருக்கு வெளியே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குச் சுலபமான வழி வைத்தார்கள். 200 கெஜத்துக்குள் ஒரு தெருவிளக்கு என்று வரிசையாக விளக்குகள் இருந்தால் அது ஊர். படிக்காதவனும் புரிந்துகொள்ளலாம்.

ஊருக்குள் இரவு பதினொன்றரை மணி முதல் காலை 7 மணி வரை ஆரன் அடிக்கவும் பெலிஷா தடை போட்டார். ஆரன் அடித்து ஆட்களை விரட்டிக்கொண்டு போகும் வழக்கம் இரவில் நின்றது. ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்து, கவனித்துப் போக வேண்டியதாயிற்று.

எட்டு மாதக் குழந்தையா, எட்டு வருட அனுபவமா?

அடுத்து வந்தது டிரைவர் பரீட்சை. 1935 ஜூன் 1-ந் தேதி முதல் அது கட்டாயம் ஆயிற்று. 1934 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு கார் ஓட்டத் தொடங்கியவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதாமல், ஓட்டிக் காட்ட வேண்டும்.

கட்டணம் ஏழரை ஷில்லிங். தொடக்கத்தில் பரீட்சைக்கென்று தனிக் கட்டிடம் கிடையாது. ரெயில்வே ஸ்டேஷன் வாசலிலோ, வண்டி நிறுத்தும் இடத்திலோ அதிகாரி காத்திருப்பார். 25 கெஜ தூரத்தில் உள்ள வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். கையை வெளியே நீட்டிச் சைகை காட்டத் தெரிகிறதா? பின்னுக்கு ஓட்டத் தெரிகிறதா? ஆபத்து வந்தால் சட்டென்று நிறுத்தத் தெரிகிறதா? எல்லாவற்றையும் கவனிப்பார். ஓட்டிக் காட்டியவர்களில் நூற்றுக்கு 63 பேர்தான் தேறினார்கள். மற்ற 37 பேரும் முந்திய காலமாக இருந்தால் நேராகத் தெருவுக்கு வந்திருப்பார்கள்!

பழகுகிறவர் வண்டியில் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்தை மாட்ட வேண்டும் என்ற வழக்கமும் அந்த ஆண்டில்தான் வந்தது. இன்று நம் ஊர் வண்டிகளில் காணும் ‘எல்’ போர்டும் அதே சிவப்பு எழுத்துத்தான்.

ஆரஞ்சு உருண்டை

பெலிஷாவின் பெயரை நிலைநிறுத்தியது இவை எதுவும் அல்ல. ஒரு கம்பம்!

தெருவைக் கடக்கும் இடங்களில் தரையில் உலோகக் குமிழ்களைப் பதித்திருந்தார்கள். தூரத்தில் வரும் கார்க்காரருக்கு அவை தெரிவதில்லை. ஆகவே, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்த உயரமான கம்பத்தை இரு பக்கமும் நட்டார்கள். அதன் உச்சியில் ஆரஞ்சு நிறக் கண்ணாடி உருண்டை ஒன்றை வைத்தார்கள். எங்கே அதைக் கண்டாலும், நடப்பவருக்கு வழிவிட வேண்டும்.

ஊரே சிரித்தது. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. குறும்புக்காரச் சிறுவர்கள் கல் எறிந்து உருண்டைகளை உடைத்தார்கள். மந்திரி விளம்பரப் பிரியர் என்று பலர் ஏசினார்கள்.

பெலிஷா கோபப்படவில்லை. கேலி செய்கிறவன் வாயிலும் கம்பத்தின் பெயர் வருகிறது அல்லவா? மக்கள் அதற்குப் பெலிஷா கம்பம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாலை விதிகளைக் கற்றுக்கொடுக்கும் பெலிஷா சீட்டு விளையாட்டுக்கூட விற்பனைக்கு வந்தது. பெலிஷாவுக்கு விளம்பரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால், அந்த விளம்பரம் குழந்தைகளுக்குத் தெருவைக் கடக்கக் கற்றுக்கொடுத்தது.

1935-ம் ஆண்டில் சாலைச் சாவு 6,502 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் 841 பேர் பிழைத்தார்கள். அதன் பிறகு எண்ணிக்கை சிறிது ஏறினாலும், யுத்தம் வரும்வரை பழைய அளவைத் தொடவில்லை.

யுத்தமும் வீழ்ச்சியும்

1937-ம் ஆண்டில் பெலிஷா யுத்த மந்திரி ஆனார். சிப்பாய்களின் குடியிருப்பையும் சாப்பாட்டையும் சீர்படுத்தினார். வயதான தளபதிகளை விலக்கி, இளைஞர்களை மேலே கொண்டுவந்தார். பெரிய தளபதிகளுக்கு அது பிடிக்கவில்லை. அவர் யூதர் என்பதும் சிலர் கண்ணை உறுத்தியது. 1940 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். 1945 தேர்தலில் சொந்தத் தொகுதியிலும் தோற்றார்.

அந்த யுத்தக் காலத்தில் ஒரு பாடம் கிடைத்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஊரெங்கும் விளக்குகளை அணைத்தார்கள். டிரைவர் பரீட்சையையும் நிறுத்திவைத்தார்கள். 1941-ம் ஆண்டில் சாலைகளில் 9,169 பேர் மாண்டார்கள். கார்கள் குறைந்த காலத்தில் சாவு கூடிவிட்டது! 1946-ம் ஆண்டில் பரீட்சை மீண்டும் வந்தது.

1951-ம் ஆண்டில் கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைத் தீட்டினார்கள். வரிக்குதிரைக் கோடு அதுதான். பிறகு ஆரஞ்சு உருண்டைக்குள் விட்டுவிட்டு எரியும் விளக்கும் வந்தது.

1954-ம் ஆண்டில் பெலிஷாவுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. 1957-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், பார்லிமெண்டுத் தூதுக் குழுவின் தலைவராகப் பிரான்சுக்குப் போனார். ரீம்ஸ் நகரில் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து காலமானார். அவருக்குக் குழந்தைகள் இல்லை.

2023-ம் ஆண்டில் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 1,624 பேர். 1934-ம் ஆண்டைவிடப் பல மடங்கு வண்டிகள் ஓடியும், சாவு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இது ஒரு மனிதரால் மட்டும் ஆனதல்ல. மருத்துவம், நல்ல வண்டி, நல்ல சாலை எல்லாம் சேர்ந்து செய்தது. ஆனால், காரில் போகிறவரைப்போலவே நடந்து போகிறவருக்கும் தெருவில் உரிமை உண்டு என்பதைச் சட்டமாக்கி, கம்பம் நட்டுக் காட்டியவர் பெலிஷா.

அவர் யுத்த மந்திரியாக இருந்ததை இன்று பலர் மறந்துவிட்டார்கள். பெற்ற தந்தையின் பெயர் மட்டும் பிரிட்டனின் தெருமுனைகளில் ஆரஞ்சு நிறத்தில் மின்னிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் பிள்ளைகள் பத்திரமாகத் தெருவைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.