வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்

திருத்தணிகை மலையடிவாரத்தில் வளரும் சிறுவர் தமிழையும் தெலுங்கையும் வீட்டிலும் வீதியிலும் கேட்டே பழகிவிடுவர். ஆங்கிலமோ பெரும்பாலும் பள்ளியில்தான் எதிர்ப்படும். இலக்கணத்தைத் துணைக்கொண்டே அதனைக் கற்றல் வேண்டும். அவ்வூரில் 1888-ஆம் ஆண்டு பிறந்த இராதாகிருஷ்ணனார், அங்ஙனம் கற்ற மொழியிலேயே தத்துவ நூல்கள் பல இயற்றி உலகப்புகழ் எய்தினார். அவருக்கு 19 ஆண்டுகள் முன்னரே, அம்மொழியின் இலக்கணத்தைக் கற்பிப்பதையும் கடைப்பிடிப்பதையும் நோன்பெனக் கொண்ட பெரியார் ஒருவர் சோழநாட்டில் தோன்றினார். அவரே சீனிவாச சாஸ்திரியார்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வறிய வைதிகக் குடும்பமொன்றில், 1869 செப்டம்பர் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். காந்தியடிகள் பிறந்தது அதற்குப் பத்து நாள் பின்னர். கும்பகோணத்தில் ஆங்கிலமும் வடமொழியும் கற்றுப் பட்டம் பெற்ற சாஸ்திரியார், மாயூரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்தார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியரானார்.

தமிழ் மாணவர்க்கு ஆங்கில இலக்கணம் கற்பிப்பது எளிய செயலன்று. நம் மொழியில் வேற்றுமை உருபு பெயர்க்குப் பின்னே நிற்கும். ஆங்கிலத்திலோ அப்பொருள் தரும் சொல் பெயர்க்கு முன்னே நிற்கும். நாம் வினையைப் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வைத்து முடிப்போம். அவர்கள் அதனை எழுவாயை அடுத்து வைப்பர். பெயரின்முன் வரும் ‘தி’ என்னும் சிறு சொல்லுக்கு நேரான சொல் தமிழில் இல்லை. அஃது எங்கே வரும், எங்கே வாராது என்று அறிவதற்குள் மாணவர் களைத்துவிடுவர். ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்தி ஒலிப்பது என்பது மற்றொரு தொல்லை. சாஸ்திரியாரோ இவற்றுள் ஒன்றையும் சிறிதெனக் கருதாதவர். நெஸ்பீல்டு என்னும் ஆங்கிலேயர் எழுதிய இலக்கண நூல் இந்தியப் பள்ளிகளில் வேதம்போல் ஓதப்பட்டது. அந்நூலிலேயே அவர் பிழை கண்டு திருத்தினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. பிழையைக் கண்டபின் வாளா இருத்தல் அவர் இயல்பன்று.

கோகலேயின்பால் ஈடுபட்ட அவர், 1907-இல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார்; கோகலே மறைந்தபின் 1915-இல் அதன் தலைவரானார். டில்லி சட்டசபையில் 1919-ஆம் ஆண்டு ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. இங்கிலாந்தில் அவர் பேச்சைக் கேட்டோர் அவரை வெள்ளி நாவினர் என்று பாராட்டினர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவரும் சொல்லின் எழுத்தும் ஒலிப்பும் பற்றி அவரை வினவியதுண்டு.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம்மவர் உரிமையிழந்து இடருற்றனர். அங்கே இந்திய அரசின் முதற் பிரதிநிதியாக 1927-இல் சென்ற சாஸ்திரியார், தம் நாவன்மையை அவர்க்காகவே செலவிட்டார். வெள்ளையர் நடுவே நின்று, அவர்தம் மொழியிலேயே, ஒரு சொல்லும் வழுவாமல் அவர் வழக்காடினார். ஆயினும் பேச்சால் வந்த புகழினும் பெரிது ஒன்றுண்டு. இந்திய இளைஞர் உயர்நிலைக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் பெறுவதற்கென டர்பன் நகரில் 1929-இல் எழுந்த கல்விநிலையம் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது.

ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. அதனால் நாட்டில் பலர் அவரை வெறுத்தனர். காந்தியடிகள் மட்டும் அவர் நட்பைக் கைவிடவில்லை. 1933-இல் ‘ஹரிஜன்’ இதழைத் தொடங்கியபோது, அதன் ஆங்கில நடையிற் குற்றம் காணுமாறு அவரையே வேண்டினார்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய அவர், அதன்பின் கலைச்சொல்லாக்கக் குழு ஒன்றுக்குத் தலைவரானார். வடமொழிச் சொற்களுக்கே அக்குழு இடந்தருகின்றது என்று தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி நியாயமானதே. ஆங்கிலச் சொல்லின் அசையழுத்தத்தையும் நுணுகி ஆய்ந்தவர், தமிழ்ச் சொல்லின் ஆற்றலை அங்ஙனம் ஆய்ந்திலரே என்னும் வருத்தம் தமிழர்க்கு எழுதல் இயல்பு.

காந்தியடிகளின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பு 1940-இல் திருத்திய பதிப்பாக வந்தது. மொழிபெயர்த்த மகாதேவ தேசாய், ஆங்கிலப் புலமை மிக்க நண்பர் ஒருவர் நடையைச் சீர்செய்து உதவினார் என்றும், தம் பெயரை வெளியிடலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை என்றும் முன்னுரையில் எழுதினார். அந்நண்பர் சாஸ்திரியாரே என்பர். தாம் ஒப்பாத அரசியல் நெறியினர் எழுதிய நூல் அது. ஆயினும் வரிவரியாகப் படித்து, பிழை களைந்து, பெயரின்றி விலகிக்கொண்டார்.

1944-இல் மயிலாப்பூரில் வான்மீகி இராமாயணம் பற்றி 30 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவையும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. 1946 சனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், நோயுற்றுக் கிடந்த சாஸ்திரியாரை மருத்துவமனைக்குச் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார்.