கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க: ஆர்ட் டேட்டம் என்ற பியானோக்காரரின் கதை

ஹாஸ்டல் ரூம், ராத்திரி 1 மணி. நாளைக்கு இன்டர்னல்ஸ் இருக்கு. ஆனா நீங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஜாஸ் பியானோ வீடியோ பார்த்துட்டு இருக்கீங்க. திரையில கலர் கலரா கட்டைகள் மேலேயிருந்து விழுது. எந்தக் கட்டை மேல விழுதோ அதை உங்க கீபோர்டுல அழுத்துறீங்க. ஒரே வாரத்துல பாட்டு கைக்கு வந்துடுது. ஸ்டேட்டஸ் போட்டாச்சு, நாற்பது ஹார்ட்டும் வந்தாச்சு.

அடுத்த நாள் பாடத் தெரிஞ்ச ஒரு நண்பன் வந்து, சுருதி எனக்கு எட்டல, ரெண்டு கட்டை இறக்கி வாசின்னு கேட்கிறான். அவ்வளவுதான், கை அப்படியே நின்னு போச்சு. பாட்டு விரல்ல இருக்கு, காதுல இல்ல.

இது யூடியூபோட வந்த பிரச்சினைன்னு நினைக்காதீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பையன் இதே மாதிரி ஒரு மெஷின்கிட்ட பியானோ கத்துக்கிட்டான். அந்தப் பையனுக்குக் கண்ணு சரியா தெரியாது. வளர்ந்து, ஜாஸ் உலகத்துல பெரிய பியானோ கலைஞர்களே பார்த்துப் பயந்த ஆளானான். பேர் ஆர்ட் டேட்டம்.

தானா வாசிக்கும் பியானோ

1909 அக்டோபர் 13. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டொலிடோ என்ற தொழில் நகரத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மெக்கானிக், கிடாரும் வாசிப்பார். அம்மா தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர். குழந்தைக்குச் சின்ன வயசுலேயே ரெண்டு கண்ணுலயும் புரை. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு கொஞ்சம் பார்வை திரும்பியது. பிறகு இளவயதில் யாரோ தாக்கியதில் ஒரு கண்ணில் இருந்த பார்வையும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இன்னொரு கண்ணில் கொஞ்சம் மங்கல் வெளிச்சம். சீட்டாட்டம்னா அவருக்கு உயிர். சீட்டை முகத்துக்குப் பக்கத்துல கொண்டுவந்துதான் பார்ப்பார்.

பார்வை குறைஞ்ச இடத்துல காது வளர்ந்தது. மூணு வயசுலேயே கோயில்ல கேட்ட பாடல்களைக் கட்டையில தேடித் தேடி வாசிச்சதா சொல்வாங்க. கீழே விழற நாணயத்தோட சத்தத்தை வச்சே அது எத்தனை சென்ட் காசுன்னு சொல்லிடுவாராம்.

அந்தக் காலத்துல பல வீடுகள்ல பிளேயர் பியானோன்னு ஒண்ணு இருந்தது. நம்ம பாஷையில சொன்னா, பஞ்ச் கார்டு போட்டு ஓடற பியானோ. நீளமான காகிதச் சுருளில் துளைகள் போட்டிருக்கும். சுருள் ஓடும்போது ஒவ்வொரு துளை வழியாவும் காத்து போய், அதுக்கான கட்டையைத் தானாவே கீழே இழுக்கும். ஆளே இல்லாம பியானோ வாசிக்கும். மெதுவா ஓட்டி, இறங்கற கட்டைகள் மேல விரலை வச்சு ஒத்திப் பார்த்துக்கலாம். இன்னைக்கு நீங்க பார்க்கிற கலர் கட்டை வீடியோவுக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா.

சிறுவன் டேட்டம் இந்தச் சுருள்கள்கிட்டயும், கிராமபோன் தட்டுகள்கிட்டயும், ரேடியோகிட்டயும் கத்துக்கிட்டார். ஒரு கதை உண்டு: சில சுருள்கள் ரெண்டு பேர் சேர்ந்து, நாலு கையால வாசிச்சுப் பதிவானவை. அது தெரியாத பையன், ஒரே ஆள்தான் வாசிக்கிறார்னு நம்பி, எல்லாத்தையும் தன் ரெண்டு கையில கொண்டு வந்துட்டாராம். நிஜமோ கட்டுக்கதையோ, பிற்காலத்துல அவரை முதல்முறை கேட்டவங்க பலர் ரெண்டு பேர் வாசிக்கிறாங்கன்னுதான் நினைச்சாங்க.

1925ல் கொலம்பஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து பிரெய்லும் இசையும் படித்தார். திரும்பி வந்து டொலிடோவில் ஓவர்டன் ரெய்னி என்ற ஆசிரியரிடம் பாடம். அவருக்கும் பார்வைக் குறை உண்டு. அவர் கற்றுக் கொடுத்தது மேற்கத்திய செவ்வியல் இசை. ஜாஸை அவர் ஊக்குவிக்கவில்லை. ஆனால் அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பையன் செவ்வியல் கச்சேரி மேடை ஏறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். கை அந்தப் பாடத்தில் உருவானது. காது ஃபேட்ஸ் வாலர், எர்ல் ஹைன்ஸ் என்ற ஜாஸ் பியானோக்காரர்கள் பக்கம் போனது.

1920களின் கடைசியில் ஊர் ரேடியோவிலேயே தினம் வாசிக்கும் வேலை கிடைத்தது. ரேடியோ கேட்டுக் கத்துக்கிட்ட பையன், இப்போ ரேடியோவுக்கு உள்ளே. டொலிடோ வழியா போகிற டியூக் எலிங்டன், லூயி ஆர்ம்ஸ்ட்ராங் மாதிரி பெரிய தலைகள்கூட இந்தப் பையனைக் கேட்கிறதுக்குன்னே நின்னு போனாங்க.

ஹார்லமில் ஒரு ராத்திரி

1932ல் பாடகி அடிலெய்ட் ஹால் தனக்கு வாசிக்க அவரை அமர்த்திக்கொண்டார். அப்படித்தான் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே ஹார்லம் பகுதியில் பியானோக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புது ஆள் வந்தா சும்மா விடமாட்டாங்க. ஒரு பாருக்குக் கூட்டிட்டுப் போய் மாறி மாறி வாசிச்சு மோதிப் பார்ப்பாங்க. டேட்டமுக்கு எதிரே உட்கார்ந்தவங்க சாதாரண ஆளுங்க இல்ல. ஜேம்ஸ் பி ஜான்சன், வில்லி லயன் ஸ்மித், சின்ன வயசுல டேட்டம் தட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த அதே ஃபேட்ஸ் வாலர்.

அவர் எடுத்தது எல்லாருக்கும் மனப்பாடமான டீ ஃபார் டூ என்ற பாட்டு. அப்புறம் டைகர் ராக். அன்னைக்கு ராத்திரி யார் ஜெயிச்சாங்கன்னு அதுக்கப்புறம் யாருமே கேட்கல. 1933 மார்ச்சில் அந்த ரெண்டு பாட்டையும் தனியாளா இசைத்தட்டில் பதிவு செய்தார். வயசு 23.

அந்த டைகர் ராக் தட்டு கனடாவின் மான்ட்ரியல் நகரம் வரை போனது. ஆஸ்கர் பீட்டர்சன்னு ஒரு பள்ளிக்கூடப் பையன் அங்கே பியானோவில் கொஞ்சம் தலைக்கனத்தோட இருந்தான். அவங்க அப்பா அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினார். ரெண்டு பேர் வாசிக்கிறாங்கன்னு நினைச்ச பையன், ஒரே ஆள்னு தெரிஞ்சதும் அழுதுட்டான். கொஞ்ச காலம் பியானோ பக்கமே போகலை. அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்தான். 20ஆம் நூற்றாண்டின் பெரிய ஜாஸ் பியானோக்காரர்களில் ஒருத்தரானான். யூடியூப்ல 12 வயசுப் பொண்ணு வாசிக்கிறதைப் பார்த்துட்டு கீபோர்டைக் கட்டிலுக்கு அடியில தள்ளினவங்க இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்படி என்னதான் செஞ்சார்?

வேகம்தான் முதல்ல தெரியும். ஆனா இசைக்காரங்களை உலுக்கினது வேகம் மட்டும் இல்ல. பாட்டோட மெட்டு ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதுக்குக் கீழே வர்ற கார்டுகளை அவர் மாத்திட்டே இருப்பார். இதுக்குப் பேர்தான் ரீஹார்மனைசேஷன். இன்புட்டும் அவுட்புட்டும் அதே, நடுவுல இருக்கிற சர்க்யூட் மட்டும் வேறன்னு வச்சுக்கோங்க.

ஒரு சின்ன உதாரணம். போன்ல பியானோ ஆப் இருந்தாலே போதும். ஜாஸில் அடிக்கடி வருகிற மூணு கார்டு இது:

டி மைனர் செவன்த்: டி, எஃப், ஏ, சி.
ஜி செவன்த்: ஜி, பி, டி, எஃப்.
சி மேஜர் செவன்த்: சி, ஈ, ஜி, பி.

கிளம்பி, இழுத்துப் பிடிச்சு, வீடு வந்து சேர்ற மாதிரி இருக்கும். நடுவுல இருக்கிற ஜி செவன்த்தில் அந்த இழுப்பைக் கொடுப்பது பி, எஃப் என்ற ரெண்டு சுரங்கள். இந்த ரெண்டுக்கும் நடுவே ஆறு அரைப்படி தூரம். ஒரு ஸ்தாயியில் மொத்தம் 12 அரைப்படி. அதாவது சரிபாதி. பி-யிலிருந்து எஃப்புக்கு ஆறு, எஃப்பிலிருந்து அடுத்த பி-க்கும் ஆறு. மாடுலோ 12 கணக்கு போட்டவங்களுக்கு இங்கேயே பொறி தட்டும். இந்த ரெண்டு சுரமும் இதே வேலையைச் செய்யற இன்னொரு செவன்த் கார்டும் இருக்கு. ஜி-யிலிருந்து சரியா ஆறு அரைப்படி தள்ளி இருக்கிற டி ஃப்ளாட் செவன்த்: டி ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், அப்புறம் அதே பி கட்டை.

இப்போ ஜி செவன்த்தை எடுத்துட்டு இதைப் போடுங்க. இழுப்பு அப்படியே இருக்கு, ஆனா அடிநாதம் டி, டி ஃப்ளாட், சி-ன்னு படிக்கட்டு மாதிரி வழுக்கி இறங்குது. மேலே பாடறவர் ஜி சுரத்திலேயே நிக்கிறார்னு வைங்க. முதல்ல அது கார்டோட மூல சுரமா இருந்தது. கீழே கார்டு மாறினதும் அதே சுரம் வெளியூர்லேர்ந்து வந்த ஆள் மாதிரி மினுக்குது. பாடறவர் ஒண்ணுமே மாத்தல, அர்த்தம்தான் மாறிடுச்சு.

டேட்டம் இந்த வித்தையைப் பாட்டு முழுக்க, ஒவ்வொரு தடவையும் வேற வேற வழியில், அசுர வேகத்தில் செய்தார். அப்படிப் போட கட்டை எங்கே இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் பத்தாது. எந்தச் சுரம் எதை இழுக்குதுன்னு காதுக்குத் தெரியணும். சுருள் அவருக்குக் கட்டையைத்தான் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை. காரணத்தை அவரே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார்.

பாத்திரம் கழுவின பையன்

1930களின் கடைசியில் ஹார்லமில் ஒரு சிக்கன் கடையில் டேட்டம் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே பாத்திரம் கழுவிட்டு இருந்த ஒரு பையன் சார்லி பார்க்கர். சில வருஷத்தில் சாக்ஸஃபோனில் பீபாப் என்ற புது ஜாஸையே கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர். டேட்டம் கார்டுகளைப் பிரிச்சு மேய்ஞ்ச விதம் அந்தத் தலைமுறைக்கே பாடப்புத்தகம் ஆனது. ஆச்சரியம் என்னன்னா, டேட்டம் தனக்குன்னு இயற்றின பாட்டுகள் ரொம்பக் குறைவு. அடுத்தவங்க பாட்டுதான், 1940ல் த்வோர்ஷாக்கின் ஹியூமரெஸ்க் வரைக்கும். இதனாலேயே சில விமர்சகர்கள், வெறும் அலங்காரம், சொந்தச் சரக்கு இல்லைன்னு குறை சொன்னாங்க. ஆனா அந்த அலங்காரம்னு சொன்னதைத்தான் சக கலைஞர்கள் பாடமா எடுத்துக்கிட்டாங்க.

1943ல் கிடாருக்கு டைனி கிரைம்ஸ், பேஸுக்கு ஸ்லாம் ஸ்டூவர்ட் என்று ஒரு மூவர் குழு அமைத்தார். ஓரளவு புகழும் வருமானமும் வந்தது. ஆனாலும் கச்சேரி முடிஞ்சு, விடிய விடியத் திறந்திருக்கிற கடைகள்ல, உடைஞ்ச பியானோவுல வாசிக்கிறதுதான் அவருக்குப் பிடிச்சது. வேலை செய்யாத கட்டை எதுன்னு கண்டுபிடிச்சு அதைச் சுத்தியே வாசிச்சுட்டுப் போவார். அந்த ராத்திரிகளில் பெரும்பகுதி பதிவாகாமலே போச்சு. கூடவே பீர், நிறைய பீர். அதை மறைக்கிறதுல அர்த்தமில்ல. உடம்பு உள்ளுக்குள்ள போயிட்டே இருந்தது.

1953 டிசம்பரில் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அவரை ஸ்டுடியோவில் உட்கார வைத்தார். என்ன வேணுமோ வாசிங்கன்னு விட்டுட்டார். ரெண்டே நாளில் 60க்கும் மேற்பட்ட பாட்டுகள், பெரும்பாலும் ஒரே டேக்கில். 1956 ஆகஸ்டில் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன் வாசித்தார். அதே வருடம் நவம்பர் 5, சிறுநீரகம் செயலிழந்து லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். வயசு 47 மட்டுமே.

மெஷினுக்குள் திரும்பி வந்தவர்

நம்ம துறைக்காரங்களுக்கு ரெண்டு சேதி. 1993ல் எம்ஐடியில் ஜெஃப் பில்ம்ஸ் என்ற மாணவர் தாளத்தைக் கம்ப்யூட்டரால் அலசும் ஆய்வு செய்தார். இசையில் வருகிற மிகச் சிறிய கால அலகுக்கு ஒரு பேர் தேவைப்பட்டது. அவர் வச்ச பேர் டேட்டம். இன்னைக்கும் இசையை அலசும் ஆய்வுகளில் அந்தச் சொல் புழங்குது.

இன்னொண்ணு, 1933 தட்டுகளையும் 1949ல் நடந்த ஒரு கச்சேரிப் பதிவையும் ஒரு நிறுவனம் கம்ப்யூட்டரால் அலசி, ஒவ்வொரு கட்டையும் எப்போ, எவ்வளவு அழுத்தமா இறங்கியதுன்னு தரவாக்கி, தானா வாசிக்கிற பியானோவில் ஓட்டி, 2008ல் புது ஆல்பமா வெளியிட்டது. ஆள் இல்லாத பியானோவுல டேட்டம். காகிதச் சுருள்ல தொடங்கின கதை அங்கேயே வந்து நின்னுருக்கு.

அதனால வீடியோ பார்க்காதீங்கன்னு சொல்ல வரலை. டேட்டமுக்குக் கிடைச்சதை விட நல்ல மெஷின் உங்க பையில இருக்கு. நிறுத்தலாம், மெதுவாக்கலாம், திரும்பத் திரும்ப ஓட்டலாம். இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு தடவை, நாலு கார்டு ஓடினதும் நிறுத்திட்டு, திரையைக் கவுத்து வச்சுட்டு, அடிநாதம் எங்கே போச்சுன்னு பாடிப் பாருங்க. அப்புறம் கட்டையில தேடுங்க. தப்பு வரும், பரவாயில்லை. நாளைக்கு அந்த நண்பன் ரெண்டு கட்டை இறக்கச் சொன்னா கை நிக்காது.

இன்டர்னல்ஸுக்கும் கொஞ்சம் படிச்சுடுங்க.