கில்லெட்டும் மழுங்கிய கத்தியும்

பெரும்பொருள் ஈட்டிய வணிகர்தம் வரலாறுகளை ஆராயுங்கால் ஓர் உண்மை புலனாகும். அவருட் சிலர் நிலத்தை அகழ்ந்து பொன்னும் எண்ணெயும் கண்டனர்; சிலர் கடல் கடந்து பண்டம் கொணர்ந்தனர்; வேறு சிலரோ, ஏனையோர் நாடோறும் முணுமுணுத்துப் பின் மறந்துவிடும் ஒரு சிறு தொல்லையை மறவாது மனத்துட் கொண்டிருந்தமையாலேயே செல்வராயினர். இம்மூன்றாம் வகையினருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் கிங் காம்ப் கில்லெட் என்னும் அமெரிக்கர். அடர்ந்த மீசையோடு கூடிய அவர் முகம் பிளேடு உறையின்மேல் அச்சாகி உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அம்முகத்துக்குரியவர் யாது எண்ணினார், எங்ஙனம் உழைத்தார், எந்நிலையில் மறைந்தார் என்பவற்றை அறிந்தார் சிலரே.

கில்லெட் 1855-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்ஸின் மாகாணத்துப் பாண்டு லாக் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் இளமையிலேயே குடும்பம் சிக்காகோ நகர்க்குக் குடிபெயர்ந்தது. புதுக்கருவி புனைதலில் ஆர்வம் மிக்க குடும்பம் அது. அன்னையார் 1887-இல் வெளியிட்ட 'வெள்ளை மாளிகைச் சமையல் நூல்' அமெரிக்க இல்லங்களிற் பல்லாண்டு வழங்கிற்று. 1871 அக்டோபரிற் சிக்காகோவைச் சாம்பராக்கிய பெருந்தீ தந்தையாரின் வாணிகத்தையும் விழுங்கிற்று. அப்போது பதினாறு வயதினராயிருந்த கில்லெட் கல்வியைத் தொடரக் கூடாமல், பின்னர் ஊர்ஊராகத் திரிந்து பண்டம் விற்கும் தொழிலை மேற்கொண்டார். இடையிடையே சிறு கருவிகள் சில புனைந்து தனியுரிமையும் பெற்றார்; அவற்றால் வந்த ஊதியம் பெரிதன்று.

1890-ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் வில்லியம் பெயிண்டர் என்பாரிடம் வேலைக்கு அமர்ந்தார். சோடாப் புட்டியின் வாயை அடைக்கும் மடிப்பு விளிம்புள்ள தகர மூடியை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். உள்ளே மெல்லிய தக்கை வைத்த அம்மூடியை 1892-இல் தனியுரிமை பெற்று வழங்கியவர் இப்பெயிண்டரே. ஒருமுறை திறந்தபின் எறியப்படுவதே அம்மூடியின் சிறப்பு. எறியப்பட எறியப்பட மீண்டும் வாங்குவர். அவ்வாறு பயன்படுத்தி எறியத்தக்க பொருள் ஒன்றை நீரும் நினைத்துப் பாரும் என்று பெயிண்டர் தம் பணியாளராகிய கில்லெட்டுக்கு அறிவுரை கூறினார். அவ்வுரை கில்லெட்டின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவ்வெழுத்திற் றொடங்கும் பொருள்களையெல்லாம் நிரலே எண்ணிப் பார்த்ததாகப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். அம்முறையால் யாதொன்றும் கிட்டவில்லை.

அக்காலத்துச் சவரம் எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆடவர் கையாண்டது பிடியுள் மடங்கும் நெடுங்கத்தி. அதனை ஒவ்வொரு நாளும் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டுதல் வேண்டும். தோல்வார் தீட்டும் ஒரு காலம் வரையே பயன்படும். அதன்பின் கத்தியை நாவிதரிடமோ கொல்லரிடமோ கொடுத்துக் கல்லில் தீட்டி வாங்குதல் வேண்டும். கை சிறிது நடுங்கினும் கன்னத்திற் குருதி தோன்றும். ஓடும் புகைவண்டியில் அக்கத்தியைக் கையாளுதல் எத்துணை இடர் என்பதை, வாழ்நாளிற் பெரும்பகுதியைப் புகைவண்டியிற் கழித்த கில்லெட் நன்கறிவார். தோலைக் காக்கும் தடுப்புடைய சவரக்கருவி அதற்கு முன்னரே உண்டு. நியூயார்க்கில் காம்ப்பே உடன்பிறந்தார் 1880-இல் அதற்குத் தனியுரிமை பெற்றிருந்தனர். எனினும் அதன் அலகும் தடித்த இரும்பால் அடிக்கப்பட்டதாகலின், தீட்டும் தொல்லை தீர்ந்தபாடில்லை.

1895-ஆம் ஆண்டு ஒருநாட் காலை பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைனில் தம் இல்லத்திற் சவரம் செய்துகொள்ளப் புகுந்த கில்லெட், கத்தி மழுங்கியிருப்பதையும், அது தோல்வாருக்கு அடங்காத மழுக்கம் என்பதையும் கண்டார். அன்று காலை அவரைப் போன்றே மழுங்கிய கத்தியைக் கையிலேந்திச் சலித்துக்கொண்ட ஆடவர் பல்லாயிரவர் இருந்திருப்பர். அவர்களெல்லாம் கத்தியைத் தீட்டக் கொடுத்துவிட்டுத் தத்தம் வேலைக்குச் சென்றனர். கில்லெட்டோ கத்தியை நோக்கியவாறு நின்றுவிட்டார். மயிரை அறுப்பது மெல்லிய விளிம்பு ஒன்றேயாக, அதனைத் தாங்குதற்பொருட்டு இத்துணை இரும்பு எற்றுக்கு என்னும் வினா அவர்க்குத் தோன்றிற்று. மெல்லிய எஃகுத் தகட்டை இருபுறமும் கூராக்கி, இரு பலகைகளுக்கு இடையே இறுக்கி, நடுவே ஒரு பிடியை வைத்துவிட்டால், மழுங்கியவுடன் தகட்டை எறிந்துவிடலாம்; தீட்டுதல் என்னும் வேலையே ஒழியும். பெயிண்டரின் உரையும் காலைத் தொல்லையும் அக்கணத்தில் ஒன்று கூடின. உடனே கடைக்குச் சென்று பித்தளைத் துண்டுகளும், கடிகாரச் சுருள்வில்லுக்குரிய எஃகு நாடாவும், அரமும் வாங்கி வந்தார். அப்போது வெளியூர் சென்றிருந்த மனைவியார்க்கு, நம் வறுமை தீர்ந்தது எனும் கருத்துப்பட ஒரு கடிதமும் விடுத்தார்.

வறுமை அத்துணை விரைவில் தீரவில்லை. இங்ஙனம் ஒரு நொடியில் ஒரு கருத்துத் தோன்றியதை வியந்து பேசும் நூலாசிரியர் பலர், அதன் பின் வந்த ஆறாண்டுகளை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். அது பொருந்தாது என்பது எம் கருத்து. காகிதம் போன்ற தகட்டைக் கூராக்குவது அரிது; அதனைக் கடினமாக்குவது அதனினும் அரிது. எஃகைக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தால் அது கடினமாகும்; ஆயின் மெல்லிய தகடு அவ்வாறு செய்யுங்கால் நெளிந்தும் வளைந்தும் போம். எஃகுத் தொழில் வல்லார் பலரைக் கில்லெட் அணுகினார். மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரையும் உசாவினார். இது நடவாத காரியம், பொருளை வீணாக்கற்க என்பதே அவர் பெற்ற மறுமொழி. அவ்வறிஞர் கூறியதிற் பிழையில்லை. அந்நாள் அறிவுக்கு எட்டியவரை அஃது உண்மையே. கில்லெட்டுக்கு எஃகின் இயல்பு தெரியாது. தெரிந்திருப்பின் அன்றே கைவிட்டிருப்பார்.

அத்தடையை உடைத்தவர் வேறொருவர். வில்லியம் எமரி நிக்கர்ஸன் என்பார், மேற்கூறிய கழகத்திலேயே பயின்று பல பொறிகளை அமைத்துப் பழகியவர். 1901-இல் அவர் இம்முயற்சியை ஏற்றார். தகடுகளை இறுக அழுத்திப் பிடித்தவாறே காய்ச்சிக் குளிர்விக்கும் முறையையும், அவற்றை இடையறாது கூராக்கும் பொறிகளையும் அவர் வகுத்தார். தொல்லையைக் கண்டவர் கில்லெட். தீர்த்தவர் நிக்கர்ஸன் என்று கூறின் மிகையாகாது. எனினும் உறைமேல் அச்சாகியது கில்லெட்டின் முகமே. கம்பெனிக்கு நிக்கர்ஸன் பெயரைச் சூட்டாமைக்கு வேடிக்கையானதொரு காரணமும் கூறுவர்: அப்பெயரின் முதற்பகுதி ஆங்கிலத்தில் வெட்டுக் காயத்தைக் குறிக்குமாம், சவரக்கருவி விற்பார்க்கு அஃது ஆகாதன்றோ!

1901 செப்டெம்பரிற் கம்பெனி பதிவாயிற்று. ஈராண்டுக்குள் கடன் மூடிக்கொண்டது. ஜான் ஜாய்ஸ் என்னும் செல்வர் பொருள் தந்து காத்தார்; தந்தவர் ஆட்சியையும் மெல்லக் கைப்பற்றலானார். விற்பனை தொடங்கிய 1903-இல் விலைபோனவை 51 சவரக்கருவிகளும் 168 பிளேடுகளுமே. கில்லெட் இன்னும் புட்டி மூடி விற்றே உணவு தேடினார். அத்தொழில்பற்றி இலண்டனுக்கும் அனுப்பப்பட்டார். மறுவாண்டிலோ 90,000-க்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. 1904 நவம்பர் 15-ஆம் நாள் தனியுரிமையும் கிடைத்தது.

கருவியை இலவசமாகக் கொடுத்துப் பிளேடில் ஊதியம் கண்டவர் கில்லெட் என்று வணிக நூல்கள் பல கூறுகின்றன. தொடக்க காலத்துக்கு அது பொருந்தாது. அவர் கருவியின் விலை ஐந்து டாலர். தொழிலாளி ஒருவர்க்கு அது சிறு தொகையன்று. தனியுரிமைக் காலம் கழிந்த 1921-இல், பிறரும் அக்கருவியைச் செய்யலாம் என்ற நிலை வந்த பின்னரே, பழைய வகை ஒரு டாலருக்கு இறங்கிற்று. இதற்கிடையே முதல் உலகப் போர் மூண்டது. நச்சுப்புகையைத் தடுக்கும் முகமூடி முகத்தோடு ஒட்டவேண்டுமாயின் தாடி கூடாது. அமெரிக்கப் படைக்கென 35 இலட்சம் கருவிகளும் 3 கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளும் சென்றன. வீடு திரும்பிய வீரர் நாவிதரை நாடாது தாமே சவரம் செய்துகொள்ளும் வழக்கத்தையும் உடன் கொண்டுசென்றனர்.

இனி, இவர் வாழ்வில் எம்மை மிகவும் வியப்பித்த பகுதிக்கு வருவோம். இவ்வணிகர் வணிகப் போட்டியை மனமார வெறுத்தவர்! சவரக்கருவி மனத்திற் றோன்றுதற்கு ஓராண்டு முன்னர், 1894-இல், 'மனிதப் பெருக்கு' என்று பொருள்படும் நூலொன்றை அவர் வெளியிட்டார். ஒரே பொருளைப் பத்துப் பேர் செய்து ஒருவரையொருவர் அழிக்க முயல்வதே வறுமைக்கும் குற்றத்துக்கும் வேர் என்பது அந்நூலின் துணிபு. மக்கள் அனைவரும் பங்குகொண்ட ஒரே கம்பெனி எல்லாவற்றையும் விளைத்தல் வேண்டும். நயாகரா அருவியின் ஆற்றலால் இயங்கும் ஒரே மாநகரில், பல்லாயிரம் வட்ட மாளிகைகளில், அமெரிக்க மக்கள் ஏறக்குறைய அனைவரும் வாழ்தல் வேண்டும் என்று படம் வரைந்தும் காட்டினார். செல்வரானபின் அக்கொள்கையைக் கைவிட்டாரோ எனின், இல்லை. 1910-இல் 'உலகக் கம்பெனி' பற்றி மீண்டும் எழுதி, முந்திய ஆண்டு பதவி நீங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டை அதற்குத் தலைவராகுமாறு வேண்டி, பத்து இலட்சம் டாலர் தருவதாகவும் கூறினார். ரூஸ்வெல்ட் இசையவில்லை. 1924-இலும் ஒரு நூல் வெளிவந்தது. அதனைச் செப்பஞ்செய்ய உதவியவர் நாவலாசிரியர் அப்டன் சிங்க்ளேர்.

போட்டியை ஒழிக்க விழைந்தவர் தனியுரிமையை அரணாகக் கொண்டு பிறரை வழக்காடி விலக்கிய கம்பெனிக்குத் தலைவராயிருந்தார். இதனைக் கபடம் என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. மழுங்கிய கத்தியைக் கண்டு இது ஏன் இவ்வாறிருத்தல் வேண்டும் என்று வினவிய அதே உள்ளம், வறியோர் சேரியைக் கண்டும் அவ்வினாவையே எழுப்பிற்று. முன்னையதற்கு விடை கூற ஒரு நிக்கர்ஸன் கிடைத்தார். பின்னையதற்குக் கிடைக்கவில்லை, எஃகைப் போல் மனிதரை அழுத்திப் பிடித்துப் பதப்படுத்தும் பொறி யாண்டும் இல்லை.

இறுதிக் காலம் இனிதாயிருக்கவில்லை. ஆட்சி நெடுங்காலத்துக்கு முன்னரே பிறர் கைக்குச் சென்றிருந்தது; தலைவர் என்னும் பெயரே எஞ்சியிருந்தது. 1929-இற் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1930-இற் பிறிதொரு கம்பெனியோடு இணையுங்காற் கணக்குகள் ஆராயப்பட, இலாபம் சில்லாண்டுகளாக மிகைப்படக் காட்டப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கில்லெட்டின் செல்வத்திற் பெரும்பகுதி கரைந்தது. 1931-இல் அப்பெயரளவுப் பதவியையும் விடுத்து, 1932 ஜூலை 9-ஆம் நாள் தம் 77-ஆம் வயதிற் கலிபோர்னியாவிற் காலமானார். அவர் பெயர் பூண்ட கம்பெனியை 2005-இற் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் வாங்கிற்று. கலிபோர்னியாவின் கலபாஸஸ் மலைச்சாரலில் அவர் தமக்கென அமைத்துக்கொண்ட மாளிகையும் சூழ்ந்த நிலமும் பின்னர்ப் பலர் கைமாறி, இந்நாளிற் பொதுமக்கள் கட்டணமின்றி உலாவும் பூங்காவாக விளங்குகின்றன.